நந்தன் கதை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

தோற்றுவாய்

உலகத்தே பிறந்து வாழ்ந்து மறைந்தோர் எண்ணிறந்தோர். அவருள் தம் பெயரைத் தாமே நாட்டிச் சென்றோர் சிலர். பிறர் பெயரை நாட்டுதலின் வாயிலாகத் தம் பெயரும் நிலைக்கப் பெற்றோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழர் இன்று இலர். அப்பெயரை ஏட்டினின்றும் எடுத்து ஏழை மக்கள் நாவில் வைத்தவர் இப்பெரியாரே.

நம் சங்கத்துத் திங்கள் இதழில் நம் மரபிற் பிறந்த சான்றோர் வரலாறுகளே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். அந்தணர் மரபினராகிய பாரதியாரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தது என்னையோ எனச் சிலர் வினவுதல் கூடும். அவர்க்கு விடை கூறுதல் எளிது. நம் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ளது குன்றத்தூர். அவ்வூரில் வேளாளர் குலத்தில் தோன்றிச் சோழ மன்னற்கு அமைச்சராய் விளங்கித் திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமானை நம் குலமணி என்று நாம் போற்றுகின்றோம். அப்பெருமான் 12ஆம் நூற்றாண்டில் 37 திருவிருத்தங்களாற் பாடிய ஓர் அடியார் வரலாறே, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் பாரதியார் கையில் வேறு வடிவம் பெற்றது. அவ்வடிவத்தைக் கண்டு முதலில் முகஞ்சுளித்தவரும், பின்னர் உளங்கரைந்து சாற்றுகவி அளித்தவரும் சைவ வேளாள மரபினரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே. ஆதலின் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. அன்றியும், அதனுள் நாம் நம் முகம் பார்த்தற்குரிய கண்ணாடியொன்று உளது. அஃது யாதென்பது போகப் போக விளங்கும்.

பிறப்பும் இளமையும்

சோழவள நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அணித்தாக நரிமணம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1810ஆம் ஆண்டையொட்டி இராமசுவாமி பாரதியார் என்பவர்க்கு மைந்தராய்த் தோன்றியவர் நம் பாரதியார். இவர் முன்னோர் வழிவழியாக இசையிலும் வீணையிலும் வல்லவர்கள். பாரதி என்னும் பட்டம் அக்குடிக்குப் பரம்பரையாக வாய்த்தது.

செல்வக் குடியிற் பிறவாதவர்க்குக் கல்வியே செல்வம். அக்கல்வியை ஊட்டவல்ல பெற்றோரை இவர் இளமையிலேயே இழந்தார். பின்னர் முடிகொண்டான் என்னும் ஊரில் வளர்ந்தார். அப்பால் மாயூரம் சார்ந்தார். இன்று மயிலாடுதுறை என வழங்குவது அவ்வூரே. அங்கே கோவிந்தயதி என்னும் துறவியாரிடம் வேதாந்த நூல்களையும் யோக நெறியையும் பயின்றார். இசையில் இவர்க்கு ஒரே ஆசிரியர் என்று சுட்டுதற்கில்லை. தந்தையார் வழிவந்த குலவித்தையைக் கேள்வியால் வளர்த்துக்கொண்டார். அது போதாதென்று திருவிடைமருதூர் அரண்மனையைச் சார்ந்திருந்த இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார்.

அக்காலத்துத் தஞ்சை நாடு பல மொழியும் பல இசையும் கலந்ததோர் கடல். மராட்டிய மன்னர்தம் அரண்மனையில் தெலுங்குக் கீர்த்தனங்களும், மராட்டியப் பதங்களும், வடநாட்டுப் பாடல்களும் ஒருங்கே ஒலித்தன. கோயில்களில் தேவாரமும், வீதிகளில் கூத்தும், வயல்களில் நடவுப் பாட்டும் ஒலித்தன. வித்துவான் ஒருவர் வீதிப் பாட்டுக்குச் செவி சாய்த்தல் அரிது. பாரதியாரோ எல்லாவற்றிற்கும் செவி சாய்த்தார். கற்றது ஒருபுறம், கேட்டது ஒருபுறமாக இவர் பாட்டு வளம் பெற்றது.

இவர் இல்லறம் புகுந்திலர். இறுதிவரை பிரமசாரியாகவே வாழ்ந்தார். மாயூரத்தையடுத்த ஆனைதாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்னும் செல்வர் இவரைப் பேணி வந்தார். சிவபூசையும், யோகப் பயிற்சியும், பாடுதலும், பாடல் இயற்றுதலுமே இவர்க்கு நாட்கடன்களாய் இருந்தன.

தியாகையரைக் கண்டது

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராச சுவாமிகளின் புகழ் அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. 1847ஆம் ஆண்டில் அவர் மறைதற்கு முன்னர்ப் பாரதியார் அவரைக் காணச் சென்றார் என்ப. மாணாக்கர் ஆபோகி இராகத்திற் பாடிக்கொண்டிருந்தனராம். மாயூரத்தினின்றும் வந்தவர் என்றறிந்த சுவாமிகள், அங்குள்ள கோபாலகிருஷ்ண பாரதியை அறிவீரோ என்று வினவ, அடியேனே அவன் என்று இவர் பணிவுடன் கூறினராம். ஆபோகியில் யாதேனும் செய்ததுண்டோ என்று சுவாமிகள் கேட்டபொழுது இவர் விடையிறுத்திலர். மறுநாள் தில்லைக் கூத்தனைக் குறித்து அவ்விராகத்திலேயே ஒரு கீர்த்தனம் இயற்றிக்கொண்டு வந்து பாடினார் என்றும், சுவாமிகள் கேட்டு மகிழ்ந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அக்கீர்த்தனம் இன்றும் இசையரங்குகளிற் பாடப்பெறுகின்றது.

தெலுங்கிற் பாடினால் மட்டுமே இசைவாணர் என்று மதிக்கப்பட்ட நாளில், தமிழிலேயே பாடுவது என்னும் உறுதி பூண்டவர் பாரதியார். முத்துத்தாண்டவரும், மாரிமுத்தாப் பிள்ளையும், இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயரும் இவர்க்கு முன்னே வகுத்த வழி அது. அவ்வழியை அகலப்படுத்தியவர் இவர்.

நந்தனார் சரித்திரம் பிறந்தவாறு

பாரதியார் ஒருகால் நாகப்பட்டினம் சென்றிருந்தார். அங்குக் கந்தப்ப செட்டியார் என்னும் அன்பர் இவர்பால் பெருமதிப்புடையவர். அடியார் ஒருவர் வரலாற்றைக் கதையாகப் பாட வேண்டும் என்று அவர் வேண்டினார். பாரதியார் திருநாளைப்போவார் வரலாற்றைத் தேர்ந்தார்.

அறுபத்து மூவருள் அரசர் உளர், அந்தணர் உளர், வணிகர் உளர், வேளாளர் உளர். எவரைப் பாடினும் கேட்பார் மகிழ்வர். எவர் மனமும் நோவாது. ஊர்ப்புறத்துச் சேரியிற் பிறந்து, கோயிலுள்ளே புக இயலாது மதிற்புறத்தே நின்று ஏங்கிய ஒருவரை நாயகராகக் கொண்டு, மேற்குலத்துச் செல்வர் நிறைந்த அவையிற் பாடத் துணிந்தது எளிய செயலன்று.

இங்கே சேக்கிழார் பெருமான் கூறிய வரலாற்றை முதற்கண் நினைவு கூர்தல் வேண்டும். ஆதனூர்ச் சேரியைப் பெருமான் வருணிக்கும் திறம் வியக்கத்தக்கது. உழத்தி ஒருத்தி தன் மகவைத் தோலின்மேற் கிடத்தி உறக்கும் மருத நிழலையும், புதைத்த குழிசியில் அடங்கியிருக்கும் பெட்டைக் கோழியையும், பறைகள் தொங்கும் மாமரங்களையும் இகழ்ச்சியின் சாயல் சிறிதுமின்றிப் பெருமான் காட்டுவர். அவ்வூரில் நந்தனார், ஊரார் விட்ட பறைத்துடவையாகிய மானிய நிலத்தைக் கொண்டு உண்டு வாழ்ந்து, கோயில்களின் பேரிகைகட்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வருகின்றார். திருப்புன்கூரில் இவர் காணும்பொருட்டு நந்தி விலகுகின்றது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி நாட் கழித்தமையால் திருநாளைப்போவார் என்னும் பெயர் பெறுகின்றார். இறுதியில் தில்லையடைந்து, இறைவன் ஆணையால் எரியிடை மூழ்கி முனிவராய் எழுந்து, அம்பலத்துள் மறைகின்றார்.

இவ்வரலாற்றில் நந்தனார்க்குத் தலைவர் ஒருவரும் இலர். நாளைப் போவேன் என்று அவர் தயங்கியது தம் பிறப்பை எண்ணியே. பிறர் தடுத்ததாகச் சேக்கிழார் கூறவில்லை. பாரதியாரோ இங்கே ஒரு புதிய பாத்திரத்தைப் படைத்தார். அவரே வேதியர் எனப்படும் நிலக்கிழார். பாரதியாரின் நந்தன் அவரிடம் பண்ணையாள். சிதம்பரம் சென்று வர விடை கேட்கின்றான். வேதியர் சினக்கின்றார், ஏளனம் செய்கின்றார், மீண்டும் மீண்டும் மறுக்கின்றார். ஒருபால் சேரியிலுள்ள பெரிய கிழவனும், நம் குலத்துக்கு இச்செயல் ஆகாது, நம் குலதெய்வங்களே நமக்குப் போதும் என்று தடுக்கின்றான். மேலோரும் தடுக்கத் தன்னோரும் தடுக்க, நடுவே நிற்கும் ஒருவனது ஏக்கமே நூல் முழுதும் இசையாய் ஒலிக்கின்றது.

முடிவில் வேதியர் ஒரு சூழ்ச்சி செய்கின்றார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கின்றார். ஒரு வேலி என்பது இக்கால அளவையில் ஆறரை ஏக்கருக்கும் சற்று மிகுதி. நாற்பது வேலி எனின் இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேலாகும். தனி ஒருவன் வாழ்நாளெல்லாம் உழைத்தாலும் முடியாத வேலை. போகாதே என்று சொல்லாமலே போகவிடாது செய்யும் விடை அது. இறைவன் திருவருளால் ஓரிரவில் வயல் விளைந்து நிற்கின்றது. கண்ட வேதியர் நடுங்கி, தம் பண்ணையாளின் காலில் விழுகின்றார்.

பாரதியார் கண்ட உலகம்

இந்த வேதியர் எங்கிருந்து வந்தார்? புராணத்திலிருந்து வந்தாரல்லர். காவிரிப் பாசனத்து வேலிக்கணக்கான நிலமுடைய மிராசுதாரர்களின் நடுவே வாழ்ந்தவர் பாரதியார். அவர்தம் திண்ணைகளிலே அமர்ந்து பாடியவர். பண்ணையாள் கைகட்டி நிற்கும் நிலையையும், திருவிழாவுக்குப் போக விடை கேட்டு வசை பெறுதலையும் அவர் கண்டிராமலும் கேட்டிராமலும் இருத்தல் இயலாது.

1843ஆம் ஆண்டில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில அரசினர் விதித்தனர். 1862ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஒருவரை அடிமையாக வாங்குதலும் விற்றலும் குற்றமென்றது. ஆயினும் கடன் என்னும் கயிற்றாற் கட்டுண்டு பண்ணையாட்கள் நிலத்தோடு நிலமாய்க் கிடந்தனர். தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்கும் சட்டம் பிறந்தது 1952ஆம் ஆண்டில்தான். நந்தனார் சரித்திரம் அச்சேறித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் என்றால், பாரதியார் எத்துணை முன்னே நின்று நோக்கினார் என்பது புலனாகும்.

அவர் சட்டம் பேசினாரல்லர்; கிளர்ச்சி செய்தாரல்லர்; எவரையும் பெயர் சுட்டி ஏசினாருமல்லர். நிலக்கிழாரை அவர்தம் குலத்தினராகவே காட்டி, அந்நிலக்கிழாரின் ஒத்தார் அவையிலேயே அமர்ந்து பாடினார். கேட்டவர் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீர் நந்தன் பொருட்டோ, தம் பொருட்டோ என்பதை அவரவரே அறிவர்.

பாட்டின் திறம்

இந்நூல் கதாகாலட்சேபத்துக்கு உரியது. ஒருவர் நின்று கதை சொல்லியும் இடையிடையே பாடியும், பின்பாட்டும் மத்தளமும் தாளமும் துணையாக இரவு முழுதும் நிகழ்த்துவது அக்கலை. அதன்கண் கல்லாதவர்க்குக் களைப்புத் தோன்றாமலும், கற்றவர்க்குச் சுவை குறையாமலும் பாடுதல் வேண்டும். ஆகவே பாரதியார் கனராகக் கீர்த்தனங்களுக்கு நடுவே நாட்டு மெட்டுகளைப் பெய்தார்.

அவற்றுள் நொண்டிச்சிந்து என்பதை ஈண்டு ஒரு சிறிது விளக்குவோம். 18ஆம் நூற்றாண்டளவில் நொண்டி நாடகம் என்னும் கூத்து தமிழ்நாட்டிற் பரவியிருந்தது. குதிரை திருடப் புகுந்து அகப்பட்டுக் கால் துணிக்கப்பட்ட கள்வனொருவன், தன் கதையைத் தானே நொண்டி நொண்டி ஆடிப் பாடுவான். முடிவில் தெய்வ அருளாற் கால் வளரப் பெறுவான். அவன் நடைக்கேற்ப ஓரிடத்தே தாங்கி ஓரிடத்தே விரையும் சந்தமே நொண்டிச்சிந்து. தெருவிற் கள்வன் பாடிய அம்மெட்டைப் பாரதியார் எடுத்துத் தில்லையை நோக்கி ஏங்கும் தூய அடியாரின் கதைக்கு ஆக்கினார். உழவரும் உழத்தியரும் ஒருமுறை கேட்டு மறுமுறை உடன்பாடினர் என்றால், மெட்டு அவர்க்கு முன்னமே உரியதாய் இருந்தமையே காரணம்.

சொல்லும் அத்தகையதே. பேச்சு வழக்குச் சொற்களைப் பாரதியார் அஞ்சாது ஆண்டார். வேதியர் சினந்து பேசுங்கால் சினந்த மிராசுதாரர் பேசுவது போன்றேயிருக்கும். கிழவன் பேசுங்கால் சேரிக் கிழவன் பேசுவது போன்றேயிருக்கும். இதுவே நூலுக்கு உயிர். இலக்கணம் கற்ற எம் போன்றார்க்கு இதுவே இடர்ப்பாடும் ஆயிற்று.

மகாவித்துவானும் பாரதியாரும்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அக்காலத்தில் மாயூரத்தே வாழ்ந்து வந்தார்கள். தலபுராணங்கள் பலவும் பிள்ளைத்தமிழ்கள் பலவும் இயற்றிய தமிழ்க்கடல் அவர்கள். அவர்கள் சாற்றுகவி பெற்ற நூல் சான்றோரவையில் தடையின்றி ஏறும். பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவர்கள்பாற் சென்றார்.

பிள்ளையவர்கட்கு உடன்பாடில்லை. காரணங்கள் இரண்டு. சேக்கிழார் கூறிய வரலாற்றினின்றும் நூல் பெரிதும் வேறுபட்டுள்ளது என்பது ஒன்று. இலக்கண வழுக்கள் மலிந்துள்ளன என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யான குறைகளல்ல. பெரியபுராணத்தைத் திருமுறையென்று போற்றும் சைவர்க்கு முதற்குறை பெருங்குறையே. ஆகவே பிள்ளையவர்கள் மறுத்துரைத்தற்கும் மனமின்றி, உடனே தருதற்கும் மனமின்றி நாட் கடத்தி வந்தார்கள். பாரதியாரோ சலியாது வந்துகொண்டேயிருந்தார்.

ஒருநாள் நண்பகலில் பிள்ளையவர்கள் உணவு கொண்டு உள்ளே துயின்றுகொண்டிருந்தார்கள். புறத்தே திண்ணையில் அமர்ந்த பாரதியார், எழுப்புதற்கு மனமின்றிப் பொழுது போக்கும் பொருட்டுத் தம் நூற் பாடலொன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். பாடப் பாட நந்தன் நிலையே தம் நிலையாயிற்று. வாயிலுக்கு வெளியே காத்து நிற்பவன் நந்தன். வாயிலுக்கு வெளியே காத்திருப்பவர் பாரதியார். அவ்வொலி உள்ளே சென்றது. துயிலுணர்ந்த பிள்ளையவர்கள் கேட்டார்கள், உள்ளம் உருகினார்கள், கண்ணீர் பெருக எழுந்து வந்து, இதுகாறும் தாழ்த்தமைக்கு வருந்திச் சிறப்புப்பாயிரம் அளித்தார்கள்.

இந்நிகழ்ச்சியிற் பெருமை இருவர்க்கும் உண்டு. அவமதிப்பெனக் கருதாது பன்முறை வந்த பொறுமை பாரதியாருடையது. தாம் கொண்ட கருத்தைத் தம் கண்ணீர்க்கு முன் விட்டுக்கொடுத்த பெருந்தன்மை பிள்ளையவர்களுடையது. பிள்ளையவர்கள் இலக்கண வழுவை வழுவன்று என்று கூறினாரல்லர். வழுவினும் பெரியதொன்று அங்கே உளதென்று கண்டார், அவ்வளவே. தமிழ் கற்பிப்போர் அனைவரும் நெஞ்சிற் பொறித்தற்குரிய பாடம் இது. சிறுவன் ஒருவன் எழுதிய கட்டுரையில் ஒற்றுப் பிழைகளைச் செம்மையாற் சுழித்துவிட்டு, அவன் சொல்லவந்த பொருளைப் படியாமலே விடுவார் எத்தனை பேர்!

நூல் பரவியமை

காரைக்கால் அக்காலத்தே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கு அதிகாரியாய் இருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர் பாரதியாரின் பாடலிற் பெரிதும் ஈடுபட்டு, நூல் அச்சேறுதற்குத் துணை புரிந்தார். 1861-62 அளவில் நந்தனார் சரித்திரம் வெளிவந்தது. நாகப்பட்டினத்துச் செட்டியார் வேண்ட, மாயூரத்து வேளாளர் பாயிரம் கூற, பிரெஞ்சு நாட்டவர் துணை நிற்க, அந்தணர் ஒருவர் ஆதனூர்ச் சேரியாரைப் பாடிய நூல் அச்சேறியது.

தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் முதலிய கதைவாணர் இதனை ஊர்தோறும் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினர். நாடக மேடைகளில் நந்தன் தோன்றினான். 1908ஆம் ஆண்டளவில் சுப்பிரமணிய பாரதியார் நந்தன் பாட்டு மெட்டுகளில் நாட்டு விடுதலைப் பாடல்கள் இயற்றினார். வேதியர் இடத்தே வெள்ளை அதிகாரியை நிறுத்தினார். 1935ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவே திரைப்படத்தில் நடித்தார்; அதற்காக அவர் பெற்ற ஓரிலட்ச ரூபாய் நாடெங்கும் வியந்து பேசப்பட்டது. 1942ஆம் ஆண்டில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் ஒடுக்கப்பட்ட சிறார்க்காக நிறுவிய கல்விச்சாலை நந்தனார் பெயரையே தாங்கி எழுந்தது. 1939ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மை கோயிலும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் ஏனைய கோயில்களும் யாவர்க்கும் திறந்தன. ஒரு பாட்டு ஒரு சட்டத்தை இயற்றியது என்பது மிகை. ஆயினும் கதவு திறக்கும் நாளில் அதனைத் தடுக்கும் கைகள் பல தளர்ந்திருந்தமைக்கு, அக்கைகட்கு உரியோர் இளமை தொட்டு நந்தன் கதை கேட்டு அழுதமையும் ஒரு காரணமன்றோ?

முதுமையும் முடிவும்

நந்தனார் சரித்திரம் ஒன்றோடு பாரதியார் அமைந்தாரல்லர். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் வரலாறுகளையும் பாடினார். தில்லைக் கூத்தனைக் குறித்த தனிக் கீர்த்தனங்கள் பல. பாடத் தொடங்கிய இளமை முதல் அறுபது ஆண்டுக்கு மேல் அவர் நா ஓய்ந்திலது.

மாயூரம் முன்சீபாய் இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் பாரதியாரின் நண்பர். அவர் கிறித்தவர், இவர் சைவ ஒழுக்கத்தினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்த்தார். செல்வரைப் புகழ்ந்து பாடும் வழக்கமில்லாத பாரதியார், அவ்வறச்செயலைக் கண்டு அவரைப் பாடினார்.

1871ஆம் ஆண்டில் மகாவித்துவானிடம் பாடங்கேட்க வந்த இளைஞர் ஒருவர், காலையில் பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையிற் புகுந்தால் இலக்கியப் பயிற்சி குறையும் என்று மகாவித்துவான் கருதவே அவ்விளைஞர் இசையை விடுத்தார். பிற்காலத்தே பழந்தமிழ் நூல்களையெல்லாம் அழியாமற் காத்த டாக்டர் உ. வே. சாமிநாதையரே அவ்விளைஞர். இசை இழந்ததைத் தமிழ் பெற்றது. ஐயரவர்களும் தம் பழைய ஆசிரியரை மறந்தாரல்லர். 1936ஆம் ஆண்டில் பாரதியார் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார். பாரதியாரைப் பற்றி நாம் இன்று அறிவன பெரும்பாலும் அதனால் அறிந்தனவே.

பாரதியார் 1896ஆம் ஆண்டு மகாசிவராத்திரி நன்னாளில் இறைவன் திருவடி நிழல் எய்தினார். மனைவி மக்களோ, மனையோ நிலமோ அவர் விட்டுச் சென்றதில்லை. நாற்பது வேலியைப் பாடியவர்க்கு ஒரு குழி நிலமும் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

இக்காலத்து ஆராய்ச்சியாளருட் சிலர் இந்நூலைக் குறை கூறுவர். நந்தனை ஓயாது பணிந்து நிற்பவனாகக் காட்டியதும், நெருப்பில் மூழ்கினாலன்றித் தூய்மையில்லை என்னும் கதைப்பகுதியை அவ்வாறே விட்டதும் தகுமோ என்பர். அக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. எரியிற் புக வேண்டியவர் நந்தனார்தாமோ, அவரைப் புறத்தே நிறுத்தியவர்களோ என்னும் வினா நியாயமானதே. பாரதியார் அவ்வினாவை வெளிப்படக் கேட்டாரல்லர். எனினும் நிலக்கிழாரைப் பண்ணையாள் காலில் விழச் செய்தார். அந்நாளில் அதுவே பெருந்துணிவு.

இனி, தோற்றுவாயிற் கூறிய கண்ணாடிக்கு வருவோம். சேக்கிழார் மரபினர் என்று நாம் பெருமை கொள்கின்றோம். நம் முன்னோர் செம்பரம்பாக்கம் ஏரிப் பாய்ச்சலிலும் சுற்றுப்புறத்து ஏரிகளின் கீழும் நிலம் வைத்து வாழ்ந்தோர். அந்நிலங்கள் பெரும்பாலும் இன்று இல்லை. அம்பத்தூரில் ஆலைகள் எழுந்தன. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைகள் எழுந்தன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுந்தன. வேலிக்கணக்குப் போய்ச் சதுர அடிக் கணக்கு வந்தது. நிலம் போனவுடன் நிலக்கிழாரும் போயினார் என்று எண்ணுவோமாயின் ஏமாறுவோம். வேதியர் வாழுமிடம் வயலன்று, உள்ளம். வீட்டுவேலை செய்யும் அம்மையார் தம் ஊர்த் திருவிழாவுக்கு இருநாள் விடுப்புக் கேட்கின்றார். கடையிற் பணிசெய்யும் இளைஞன் தேர்வெழுதப் போக வேண்டும் என்கின்றான். இந்த வேலையை முடித்துவிட்டுப் போ என்று முடியாத வேலையொன்றைச் சுட்டுகின்றோமே, அப்பொழுது நம் வாயினின்றும் வருவது நாற்பது வேலிச் சொல்லே.

நம் பூவிருந்தவல்லியே திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பதி. அவர் அந்தணர் அல்லர்; ஆயினும் அவர் உண்ட மிச்சிலை உண்ண விழைந்தார் இராமானுசர் என்று வைணவ வரலாறு கூறும். ஒருபால் திருக்கச்சி நம்பிகள், ஒருபால் குன்றத்தூர்ச் சேக்கிழார். இவ்விருவர் ஊர்களின் நடுவே வாழும் நமக்கு, அன்பிற்குக் குலமில்லை என்பதைப் பிறர் வந்து கற்பித்தல் வேண்டா.

ஆதலின் சங்கத்து அன்பர்களே, தாய்மார்களே, நந்தனார் கீர்த்தனங்களை உங்கள் இல்லத்துச் சிறுவர் சிறுமியர்க்குக் கற்பியுங்கள். இராகத்தோடு கற்பியுங்கள், கதையோடும் கற்பியுங்கள். கதையில் வேதியர் காலில் விழும் இடம் வருங்கால் விரைந்து கடவாது, சற்று நின்று, அவர் ஏன் விழுந்தார் என்று அவர்களைக் கேளுங்கள். அவ்வினாவுக்குச் சிறுவர் கூறும் விடை பெரியோர் கூறும் விடையினும் செம்மையாக இருத்தல் கூடும்.

நரிமணம் தந்த நாவலர் புகழ் வாழ்க! திருநாளைப்போவார் திருவடி வாழ்க!